எந்த வார்டிலும் சேராத வீடு

“அத்தை, நம்ம வீட்டுல மட்டும் ஏன் குப்பை எடுக்க மாட்டேங்கறாங்க?”

“பக்கத்து வீட்டுல?”

“எடுத்துட்டாங்க. எதிர் வீட்டுலயும்தான். வண்டிக்காரர்கிட்ட கேட்டேன். உங்க வீடு என் பட்டியல்லயே இல்லம்மாங்கறார்.”

அத்தை கையிலிருந்த சீப்பைக் கீழே வைத்தார். “மெதுவா பேசுடி. இது என் வீடுன்னு அவருக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

அந்தப் பட்டியலைப் போட்டதே அத்தைதான். நகராட்சியின் வரைபடப் பிரிவு என்றால் ஒரு அறை, ஒரு கணினி, அத்தை. பழைய அளவையாளர்கள் துண்டு துண்டாக வரைந்து வைத்த ஊரை ஒன்றாக ஒட்டி ஆறு வார்டாக்கி, வார்டுக்கொரு குப்பை வண்டி என்று பிரித்துக் கொடுத்திருந்தார். வண்டிக்காரர்கள் நிறைந்த கூட்டத்தில், “ஒரு வீடு விட்டுப்போயிருந்தாலும் அந்தக் குப்பையை நானே சுமக்கறேன்” என்று சவால் வேறு.

சுமந்தார். ஒன்பது நாள், கைப்பையில், அடுத்த தெருத் தொட்டி வரை. வழியில் யாராவது நின்று பேச வந்தால் பையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, தும்மல் வருவதுபோல் நடித்து நகர்ந்துவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வரைபடத்தைப் பெரிதாக்கினார். ஒரே வார்டின் இரண்டு துண்டுகள் ஒட்டாமல், நடுவே இரண்டு மீட்டர் இடைவெளி. எங்கள் வீட்டுக்கு அவர் வைத்த புள்ளி குறி வைத்தாற்போல் அதற்குள் விழுந்திருந்தது.

பைத்தான் என்ற கணினி மொழியில் பத்து வரி எழுதினார். ஒவ்வொரு துண்டையும் சுற்றிலும் ஒன்றரை மீட்டர் உப்ப வைத்து, உரசுவதையெல்லாம் ஒன்றாக்கி, மறுபடி அதே அளவு சுருக்க வேண்டும். ஓடவிட்டதும் ஊரே ஒரே பச்சை உருண்டையாகிவிட்டது.

“வார்டு வாரியா ஒட்டுன்னு சொல்ல மறந்துட்டேன்டி! இப்ப ஊர்க்குப்பை மொத்தமும் ஒரே வண்டிக்கு.”

“நம்ம வீடு?”

“அது உள்ள வந்துடுச்சு. அந்த மட்டும் லாபம்.”

இன்னொரு வரி சேர்த்து மறுபடி ஓட்டினார். ஆறு வார்டும் தனித்தனியே நின்றன, இடைவெளியைக் காணோம். திங்களன்று புதுப் பட்டியல் சத்தமில்லாமல் வண்டிகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

அன்று சாயங்காலம் அத்தை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

“நாளைக்கு வாளியை நீயே கொண்டுபோய்க் கொடுடி. என் மூஞ்சி காட்டிக்கொடுத்துடும், உன் மூஞ்சியில எதுவும் தெரியாது. வரைபடம் போட்ட அம்மாவைத் தெரியுமான்னு வண்டிக்காரர் கேட்டா, தெரியாது, ஆனா ரொம்பக் கெட்டிக்காரின்னு கேள்விப்பட்டேன்னு சொல்லிடு.”