கண்ணாடி ஏற்றிய மோட்டார்

தலைநகரம் தில்லிக்குப் போகிறது என்று கல்கத்தா முழுவதும் ஆற்றாமையோடு பேசிக்கொண்டிருந்த கோடைக்காலம் அது. பவானிபூரில் ஒரு மாடிக் குடித்தனத்தில் நானும் என் மனைவியும் இருந்தோம். எனக்கு ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் குமாஸ்தா வேலை. கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட நிறையவில்லை.

சித்திரை பிறந்த கையோடு அவளுக்கு டைபாய்டு கண்டது. இருபத்தொரு நாள் படுத்த படுக்கை. ஜுரம் விட்டு எழுந்தபோது வளையல்கள் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கின. பார்த்துக்கொண்ட வங்காளி டாக்டர், இரண்டு மாதம் தாய் வீட்டில் இருந்தால் தேறிவிடுவாள், ஆனால் வழியில் அனல் காற்று மேலே படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். கும்பகோணத்துக்குக் கடிதம் போட்டுவிட்டு மெட்ராஸ் மெயிலில் இடம் எடுத்தேன்.

பவானிபூரிலிருந்து ஹௌரா ஸ்டேஷனுக்கு அவளை எப்படிக் கொண்டுபோவது என்பதுதான் கவலை. குதிரை வண்டியின் குலுக்கலை அந்த உடம்பு தாங்காது. இது எப்படியோ எங்கள் துரையின் காதுக்குப் போயிற்று. அவர் என்னைக் கூப்பிட்டு, தம்முடைய மோட்டாரை ஒரு மத்தியானத்துக்கு அனுப்புவதாகச் சொன்னார். கல்கத்தாவில் அப்போது மோட்டார்களே கொஞ்சம். அதிலும் பின்பக்கம் முழுவதும் கண்ணாடி வைத்து அறை மாதிரி மூடிய மோட்டார் இன்னும் கொஞ்சம். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அதை ஓட்டி வந்தவன் பிகானேர்ப் பக்கத்து மனிதன், என் வயதுதான் இருக்கும். மணல்காட்டில் ஒரு ஜமீன் குடும்பத்துப் பெண்களுக்குத் திரை போட்ட வண்டி ஓட்டியவன் என்று ஆபீஸில் சொல்வார்கள். வரும்போதே ஒரு வெட்டிவேர்த் தட்டியை நனைத்து எடுத்து வந்திருந்தான். எங்கள் ஆபீஸ் ஜன்னல்களில் தொங்குமே, அதே மாதிரி, அளவில் சின்னது. காற்று வரும் பக்கத்து ஜன்னலில் இதைக் கட்டி, எதிர்ப்பக்கத்துக் கண்ணாடியை இறக்கிவிட்டால் உள்ளே குளுமையாக இருக்கும் என்று இந்தியில் பணிவாகச் சொன்னான்.

நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். வெளிர் சாம்பல் நிறத்தில் மெத்தைகள், ஒரு தூசு இல்லை. தட்டியிலிருந்து பழுப்பாகத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மெத்தையில் கறை பட்டால் துரைக்கு என்ன பதில் சொல்வது? டாக்டர் சொன்னதும் எனக்குத் துணைக்கு இருந்தது. அனல் காற்று படக் கூடாது, எல்லாக் கண்ணாடிகளையும் ஏற்று, தட்டி வேண்டாம் என்றேன். அவன் மறுபடியும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். வண்டி ஓட்டுவது உன் வேலை, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அவன் தட்டியை எங்கள் வாசற்படியில் சாத்தி வைத்தான். எதிர்வீட்டு மாடியிலிருந்து நாலைந்து பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பார்க்கிறார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

வண்டி ஓடிக்கொண்டிருந்த வரையில் தாங்கக்கூடியதாக இருந்தது. ஆற்றோரச் சாலையில் சணல் மூட்டை ஏற்றிய மாட்டு வண்டிகளுக்கு நடுவில் புகுந்து புகுந்து பாலத்தடிக்கு வந்தபோது, வண்டி நின்றது. முன்னால் நூறு வண்டிகள் நின்றுகொண்டிருந்தன.

அப்போதிருந்த ஹௌரா பாலம் மிதவைகளின் மேல் போட்ட பாலம். பெரிய கப்பல் வந்தால் நடுப்பகுதியைப் பிரித்து விலக்கி வழி விடுவார்கள். கப்பல் போய் மறுபடி சேர்க்கிற வரைக்கும் இந்தக் கரையில் இருப்பவர்கள் இந்தக் கரையில்தான். எந்த நேரத்தில் பிரிப்பார்கள் என்று பத்திரிகையில் போடுவது வழக்கம். புறப்படுகிற அவசரத்தில் நான் அன்றைக்குப் பத்திரிகையைப் பிரிக்கவே இல்லை.

மணி இரண்டு. நிழல் என்று ஒரு சாண் கிடையாது. கரையோரக் கிடங்குகள் ஆற்றுக்காற்றை மறைத்து நின்றன. உள்ளே அவள் பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் வண்டிக்காரனுக்கும் நடுவிலிருந்த கண்ணாடியில் விசிறி இடித்து டக் டக்கென்று சத்தம்.

"ஏன்னா, மூச்சு முட்டறது. ஒரு கண்ணாடியையாவது இறக்குங்கோளேன்" என்றாள்.

வெளியே புழுதியும் அனலுமாக இருக்கிறது, கொஞ்சம் பொறுத்துக்கொள் என்றேன். எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டு வருகிறேன் என்று இறங்கிக் கதவைச் சாத்திவிட்டுப் போனேன்.

பாலத்தடியில் கூட்டம். போலீஸ்காரன் ஒன்று சொன்னான், பாலத்துச் சிப்பந்தி வேறொன்று சொன்னான். துரையின் மோட்டார் நிற்கிறது என்று அங்கே இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். ஒருவரும் மதிக்கவில்லை. கால் மணிக்கு மேல் ஆகியிருக்கும், திரும்பி வந்தேன்.

மோட்டாரின் இரண்டு கதவுகளும் விரியத் திறந்து கிடந்தன. நம் வீட்டுப் பெண் தனியாக உட்கார்ந்திருக்கும் வண்டியை, யாரைக் கேட்டு இவன் திறந்தான்? என்ன வார்த்தை சொன்னேன் என்று இப்போது எழுதக் கூசுகிறது. அவன் பதிலுக்குக் குரலை உயர்த்தவில்லை.

"விசிறி சத்தம் நின்னு போச்சு, பாபு" என்றான்.

அப்போதுதான் உள்ளே பார்த்தேன். அவள் தலை மெத்தையில் சாய்ந்திருந்தது. கண் பாதி மூடியிருந்தது. விசிறி காலடியில் கிடந்தது. முகம் நெருப்பாகக் கொதித்தது, ஒரு பொட்டு வியர்வை இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

அவன் அதற்குள் தன் தலைப்பாகையை அவிழ்த்துக்கொண்டிருந்தான். சுற்றுச் சுற்றாக வந்துகொண்டே இருந்தது, இருபது முழத்துக்குக் குறையாது. மோட்டாருக்குத் தண்ணீர் விடும் தகரத்தை என் கையில் திணித்து, படித்துறை இருந்த திசையைக் காட்டினான். நான் கோட்டோடு ஓடினேன். கங்கைத் தண்ணீரை மொண்டு வந்தேன். அவன் துணியின் ஒரு பாதியை நனைத்து வண்டியின் கூரைமேல் இரண்டு மடிப்பாகப் பரப்பினான். மறுபாதியைக் காற்று வரும் பக்கத்துக் கதவில் திரையாகத் தொங்கவிட்டான். எதிர்க்கதவு திறந்தபடியே இருந்தது. கொஞ்சநஞ்சம் வந்த காற்று ஈரத்துணி வழியாக நுழைந்து அந்தப் பக்கம் வெளியேறியது. அவள் கழுத்திலும் மணிக்கட்டிலும் ஈரத்துணி வைக்கச் சொன்னான். துணி காயக் காய நனைக்க வேண்டும் என்றான். நான் எத்தனை தடவை படித்துறைக்கு ஓடினேன் என்று தெரியாது. மெத்தையெல்லாம் சேற்றுத் தண்ணீர்.

மூன்றாவது நடையிலோ நான்காவது நடையிலோதான் எனக்கு உறைத்தது, என் தலையிலும் ஒரு தலைப்பாகை இருந்தது என்று. ஆபீஸுக்குக் கட்டிக்கொண்டு போகும் ஜரிகைத் தலைப்பாகை. அதைக் கழற்றலாம் என்று அதுவரைக்கும் எனக்குத் தோன்றவில்லை. அவிழ்த்து நனைத்து அதையும் கூரையில் போட்டேன்.

பக்கத்தில் ஒரு குதிரை வண்டியில் படாபஜார்க்காரர் ஒருவர் மாட்டிக்கொண்டிருந்தார். மார்வாரி வியாபாரி. வெற்றுத்தலையோடு நடுத்தெருவில் நின்ற தன் ஊர்க்காரனை முகம் சுளித்துப் பார்த்தார். அவர்கள் ஊர்ப் பக்கத்தில் ஒருவன் நாலு பேர் முன்னால் தலைப்பாகையைக் கழற்றினால் வீட்டில் சாவு என்று அர்த்தமாம். இல்லையென்றால் மானம் போய்விட்டது என்று அர்த்தமாம். இதெல்லாம் பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. யார் போய்விட்டார்கள் என்று அவர் கேட்டார்.

துணியைப் பிழிந்துகொண்டே இவன் சொன்னான்: "யாரும் போகலை, சேட்ஜி. போகக் கூடாதுன்னுதான் கழட்டினேன்."

அந்தப் பெரியவர் வண்டியிலிருந்து இறங்கிக் கூட்டத்துக்குள் போய், ஓர் இளநீர் சீவி வாங்கி வந்து என்னிடம் நீட்டினார்.

அதைச் சொட்டுச் சொட்டாக அவள் வாயில் விட்டேன். முதலில் வழிந்தது. பிறகு தொண்டை அசைந்தது. நெற்றியில் மெல்ல வியர்வை துளிர்த்தது. வியர்வையைப் பார்த்து ஒருவன் அழுவான் என்று அதற்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்து, "பாலம் சேர்ந்துடுத்தா?" என்று கேட்டாள்.

பாலம் சேர இன்னும் அரைமணி பிடித்தது. ஸ்டேஷனில் அவளை நாற்காலியோடு தூக்கி ரயிலில் ஏற்றினார்கள். ஈரத் தலைப்பாகையை ஒரு மாதிரி சுற்றிக்கொண்டு அவன் பிளாட்பாரத்தில் நின்றான். அவளுக்கு இந்தி வராது. பவானிபூரில் கற்றுக்கொண்ட வங்காளியில் அண்ணன் முறை வைத்து, "தாதா, வருகிறேன்" என்று கைகூப்பினாள். அவன் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டான்.

ஊரில் அவளை விட்டுவிட்டு மூன்று வாரம் கழித்து நான் மட்டும் திரும்பினேன். மோட்டாரை வேறு ஒருவன் ஓட்டிக்கொண்டிருந்தான். விசாரித்தேன். மெத்தையில் கறையைப் பார்த்துத் துரை கேட்டபோது, சாயங்காலப் புயல்மழையில் கண்ணாடியை ஏற்ற மறந்துவிட்டேன், என் தப்பு என்று இவன் சொல்லியிருக்கிறான். அதனால் அவனை வண்டி கழுவும் வேலைக்கு இறக்கிவிட்டார்கள். கொட்டகைக்குப் போய், ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

"பாபுவுக்கு ஆபீஸ் வேலை. எனக்கு வண்டி போனா கழுவுற வேலை இருக்கு" என்றான். பிறகு, ஊருக்குப் போன அம்மா எப்படி இருக்கிறார்கள் என்று விசாரித்தான்.

துரை கூப்பிடாமல் அவர் அறைக்குள் நானாக நுழைந்தது அந்த ஒரு தடவைதான். தட்டியை வேண்டாம் என்றது முதல் ஒன்றையும் விடாமல் சொன்னேன். வேலை போனாலும் போகட்டும் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, உன் மனைவி இப்போது சௌக்கியமா என்று மட்டும் கேட்டார். மறுநாள் காலையில் அவன் பழையபடி வண்டியின் முன்னாசனத்தில் உட்கார்ந்திருந்தான்.

இது நடந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவளும் நானும் இப்போது கரியாஹாட் பக்கம் குடியிருக்கிறோம், பெரிய பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அன்றைக்கு அவள்மேல் இருந்த அக்கறையால்தான் கண்ணாடிகளை ஏற்றச் சொன்னேன் என்று நான் வெகுகாலம் எனக்கே சொல்லிக்கொண்டேன். அதில் அக்கறை எவ்வளவு, என் கௌரவம் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கும் தைரியம் எனக்கு மெல்ல மெல்லத்தான் வந்துகொண்டிருக்கிறது.