அறிஞ்சூடா என்றொரு மீன்

எங்கள் கல்லூரி ஆய்விதழுக்கு நான் பதிப்பாசிரியர். ஆண்டுக்கு இரண்டு இதழ். எழுதியவர் படிப்பார், அச்சுப்பிழை பார்க்கும் நான் படிப்பேன், மீதியை நூலகத்துக் கரையான் பார்த்துக்கொள்ளும். அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. புதிதாக வந்த கல்லூரி முதல்வர்தான், "நம்ம ஜர்னல் இன்டெக்ஸில் ஏறியாகணும்" என்று ஆரம்பித்தார்.

இன்டெக்ஸ் என்பது மேற்கோள் அட்டவணை. ஓர் இதழில் வந்த கட்டுரைகளை மற்றவர்கள் தங்கள் கட்டுரைகளில் எத்தனை தடவை சுட்டுகிறார்கள் என்று எண்ணி, இதழின் தரத்தை முடிவு கட்டுவார்கள். சுட்டியவர் படித்தாரா என்று யாரும் கேட்பதில்லை. அட்டவணையில் இல்லாத இதழில் எழுதினால் பதவி உயர்வுக்குச் செல்லாது.

முதல்வரும் என்னைப் போல விலங்கியல்காரர், ஆனால் ஊர் மதுரைப் பக்கம். ஒருநாள் காலையில் இனயம் கடற்கரைக்குப் போய் மீன்களின் உள்ளூர்ப் பெயர்களைக் கேட்டு எழுதிவந்தார். அது கட்டுரையாகி என் மேசைக்கு வந்தது. அதில் ஏழாவது மீனின் பெயர் 'அறிஞ்சூடா'. எங்கள் மாவட்டத்துக்காரன் எவனுக்கும் உடனே விளங்கிவிடும். இவர் விரலை நீட்டி இதற்கு என்ன பெயர் என்று கேட்டிருக்கிறார். மீன் விற்கிற அம்மாள் தெரியாது என்று சொல்லியிருக்கிறார். எங்கள் கடற்கரையில் 'தெரியாது' என்பதற்கு அறிஞ்சூடா என்பார்கள்.

நான் அதை அடித்திருக்க வேண்டும். முதல்வர் எழுத்தில் கை வைக்கத் தைரியம் வரவில்லை. கொஞ்சம் குசும்பும் இருந்தது. அப்படியே அச்சுக்கு விட்டுவிட்டு வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

அடுத்து மேற்கோள் சேர்க்கும் திருப்பணி. எங்களுக்குக் கட்டுரை தருகிறவர்கள் எங்கள் இதழிலிருந்து மூன்றையாவது சுட்ட வேண்டும் என்று விதி போட்டோம். இன்னொரு கல்லூரியின் இதழோடும் ஓர் ஏற்பாடு, அவர்கள் எங்களைச் சுட்டுவார்கள், நாங்கள் அவர்களை. அயல்வீட்டிலிருந்து கறி வந்த கிண்ணத்தை யாராவது வெறுமனே திருப்பித் தருவார்களா? முதல்வரின் மனம் குளிரட்டும் என்று எல்லாரும் அவர் கட்டுரையையே சுட்டினார்கள். ரப்பர் தோட்டத்தைப் பற்றி எழுதியவர் சுட்டினார். செவிலியர் பணிச்சுமையைப் பற்றி எழுதியவரும் சுட்டினார். அதிகாரி வீட்டுக் கோழிமுட்டை குடியானவன் வீட்டு அம்மியை உடைக்கும் என்பது சும்மாவா?

எங்கள் துறையில் இனயத்துக்காரப் பெண் ஒருவர் உண்டு, எனக்கு இளையவர். அவருடைய அம்மாவும் அதே கரையில் மீன் விற்றவர். கட்டுரையைப் படித்துவிட்டு என் அறைக்கு வந்தார்.

"அறிஞ்சூடான்னா ஒரு மீனா சாரே? சுசீந்திரத்துக்காரரு, உங்களுக்குமா தெரியாது? பாத்துட்டுத்தானே விட்டிய?"

பல வருடங்களாகக் குறித்து வைத்திருந்த பெயர்களையெல்லாம் சேர்த்து, அவர் ஒரு திருத்தக் கட்டுரை எழுதினார். எங்கள் இதழில் வந்தவற்றிலேயே உருப்படியானது அதுதான். அதை ஒருவரும் சுட்டவில்லை. ஆனால் மறுப்பதற்காக முதல்வரின் கட்டுரையை அவர் சுட்டியிருந்தார் அல்லவா, அதனால் முதல்வர் கணக்கில் இன்னொன்று ஏறியது. அட்டவணைக்கு மெச்சினாலும் ஒன்று, ஏசினாலும் ஒன்று.

ஒருவழியாக இதழ் இன்டெக்ஸில் ஏறியது. லட்டு கொடுத்தார்கள், நானும் தின்றேன்.

அந்த வருடமே இனயத்துக்காரருக்குப் பதவி உயர்வு நேர்காணல். குழுவில் நானும் இருந்தேன். வெளியூர் நிபுணர் கணினியைப் பார்த்து, "இந்தப் பேப்பருக்கு ஒரு சைட்டேஷன்கூட இல்லையேம்மா" என்றார். கட்டுரை அவர் முன்னால்தான் கிடந்தது, புரட்டவில்லை. நான் வாயைத் திறந்திருக்கலாம். பக்கத்தில் முதல்வர் இருந்தார். தண்ணீரை எடுத்துக் குடித்தேன். அந்தப் பெண்ணுக்குப் பதவி உயர்வு கிடைக்கவில்லை. என்னை நினைக்க எனக்கே அருவருப்பாக இருந்தது.

போன மாதம் அவர் புதுக் கட்டுரை ஒன்று தந்தார். முதல் பத்தியிலேயே முதல்வரின் கட்டுரைக்குப் பாராட்டு. கீழே மீன் பட்டியலில் அறிஞ்சூடாவும் இருந்தது.

"என்ன மக்கா இது?" என்றேன்.

"எனக்கும் பிரமோஷன் வேணும்லா சாரே."

மேற்கோள் பட்டியலை இரண்டு தடவை மேலிருந்து கீழே பார்த்தேன். தன்னுடைய திருத்தக் கட்டுரையை அவரே சுட்டவில்லை.