சந்தனம் துடைத்த குற்றம்

என் இரண்டு கால்களும் இயங்காமல் போய்ப் பல வருடங்களாகின்றன. நீர்வேலியில் எங்கள் வீட்டிலிருந்து நான் கணிதம் படிப்பிக்கும் ரியூட்டரிக்கு ஒரு மைல்கூட இல்லை. அந்தத் தூரத்துக்கு அண்ணை என்னைத் தூக்கி ஓட்டோவில் ஏற்ற வேண்டும், இறக்க வேண்டும், வகுப்பு முடியும்வரை காத்துக்கிடந்து மறுபடி ஏற்ற வேண்டும். அவர் பட்ட பாடு போதும் என்றுதான் பற்றரியில் ஓடும் சக்கரக் கதிரை ஒன்று வாங்கினேன். இரண்டு வருட உத்தரவாதம் என்று விற்றவர்கள் பல்லெல்லாம் தெரியச் சொன்னார்கள்.

எங்கள் ஊரில் சில்லுப் பூட்டிய எது வந்தாலும் முதலில் பிள்ளையார் கோயிலுக்குத்தான் போகும். என் கதிரையும் போனது. கைப்பிடிக்குக் கீழே, மின்சாரமெல்லாம் வந்து சேரும் கறுப்புப் பெட்டியில் ஐயர் சந்தனத்தை அள்ளி அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார். சில்லுகளின் கீழ் வைத்த எலுமிச்சம்பழங்களை நசித்துக்கொண்டு நான் முன்னே ஓடினேன். பெட்டியின் மூடி விளிம்பில் வெள்ளி நிறத்தில் ஒரு சின்ன ஸ்டிக்கர் இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. சந்தனம் சரியாக அதன்மேல்தான் இருந்தது.

நான் செய்வித்த ஒரே மாற்றம், வெல்டிங் கடையில் பின்பக்கம் ஒரு குழாய் ஒட்டுவித்துக் குடையைச் செருகியது. எங்கள் சித்திரை வெய்யிலுக்குக் குடை வேண்டாம் என்று நினைத்தவர்கள் எந்த ஏசி அறைக்குள் இருந்து கதிரையை வரைந்தார்களோ தெரியாது.

நாலாம் மாதம் வாழைத் தோட்டத்து ஒழுங்கையில் கதிரை அப்படியே நின்றுவிட்டது. வாழைக்குப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாற வந்த ஒருவர் கண்டு அண்ணைக்குச் சொல்லும்வரை நானும் அதிலேயே இருந்தேன்.

கம்பனிக்கு அழுக்கோடு கொண்டுபோகக் கூடாதென்று அண்ணையின் மனைவி, என் மச்சாள், காய்ந்த சந்தனத்தை ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தார். சந்தனத்தோடு ஸ்டிக்கரும் உரிந்து வந்தது. விலைச்சீட்டாக்கும் என்று குப்பையில் போட்டுவிட்டார்.

யாழ்ப்பாணத்துக் கிளையில் டை கட்டிய ஒரு இளைஞர் பெட்டியை இரண்டு தரம் பார்த்தார்.

"ரீச்சர், சீல் இல்லை. பெட்டியைத் திறந்திருக்கிறியள். குடைக்கு வெல்டிங் வேறை. வொறன்ரி செல்லாது."

சந்தனக் கதையைச் சொன்னேன். சிரிக்காமல் கேட்டார், அதுவே பெரிய காரியம்.

"தம்பி, குடையாலை பெட்டி எப்பிடிப் பழுதாகும்?"

"அதாலை பழுதாகேல்லை எண்டு நீங்கள்தான் நிரூபிக்கோணும்."

"நிரூபிக்கிறதெண்டால் பெட்டியைத் திறக்கோணுமே."

"திறந்தால் வொறன்ரி போயிடும் ரீச்சர்."

இருபது வருடமாக நான் நிறுவல் படிப்பிக்கிறேன். இப்படியொரு நிறுவலை ஒரு மாணவன் எழுதியிருந்தால் கொப்பியை முற்றத்தில் எறிந்திருப்பேன். இங்கே அதைப் படித்தவனுக்கு டை கட்டி, மேசை கொடுத்து இருத்தியிருக்கிறார்கள்.

தலைமை அலுவலகத்துக்கு மூன்று கடிதம் எழுதினேன். மூன்றாவதின் பிரதியை நுகர்வோர் அலுவலகத்துக்கும் போட்ட பிறகுதான் பதில் வந்தது. "பெட்டியைத் திறந்தது நானே, பழுதுக்கும் நானே பொறுப்பு" என்ற படிவத்தில் கையெழுத்து வைத்தால், கருணை அடிப்படையில் திருத்தித் தருவார்களாம். செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்வதற்குப் பெயர் கருணை! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"செத்தாலும் கையெழுத்து வைக்கமாட்டன்" என்றேன்.

அப்போதுதான் அண்ணை என்னை ஓட்டோவிலிருந்து இறக்கி இருத்தியிருந்தார். இதற்காகவே மூன்று கிழமையாக அரைநாள் லீவு போட்டுக்கொண்டிருந்தார்.

"உன்ரை மானம் உனக்குப் பாரமில்லை. தூக்கிறது நான்தானே" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. முதுகை நிமிர்த்த முடியாமல் நாரியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சொன்னார். கம்பனியை ஏசுவதிலேயே குறியாக இருந்த நான் அந்தக் கையை அன்றுதான் கண்டேன். வெட்கமாகப் போய்விட்டது.

மறுநாள் காலை, சந்தையடியில் ரேடியோவும் மின்விசிறியும் திருத்துகிற ஒருவரைக் கூப்பிட்டுப் பெட்டியைத் திறக்கச் சொன்னேன். உள்ளே ஒரு வயருக்கு ஈயமே வைக்கவில்லை. சும்மா செருகி விட்டிருந்தார்கள்.

"ஃபக்டரியிலையே ஒட்டாமல் விட்டிட்டாங்கள் அக்கா" என்று சொல்லி, வயரைத் தொடுவதற்கு முன்பே படமும் எடுத்துத் தந்தார். பத்து நிமிடத்தில் கதிரை ஓடியது. அண்ணை அன்று முழுநாள் வேலைக்குப் போனார்.

இப்போது திறந்தது உண்மைதானே. "பழுதுக்கும் நானே பொறுப்பு" என்ற பகுதியை வெட்டிவிட்டுக் கையெழுத்து வைத்து, படத்தையும் சேர்த்து அனுப்பினேன். இந்த முறை பதில் உடனே வந்தது. பெட்டியைத் திறந்ததை ஒப்புக்கொண்டமைக்கு நன்றி, இனி இந்தக் கதிரைக்கு என்ன நடந்தாலும் நிறுவனம் பொறுப்பல்ல. படத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அன்றிலிருந்து கதிரை ஒருநாளும் நிற்கவில்லை. அதற்கும் அவர்கள் பொறுப்பல்ல.