புகழக் கூசும் ஊரில் ஒரு விசா

பர்மாவின் யாங்கூன் நகரத்துக் கியாக்டடா பகுதியில் மூன்றாம் மாடியில் இருந்த எங்கள் சிறிய மென்பொருள் அலுவலகத்தை நினைத்தால், கரண்டு போகும் கணம்தான் முதலில் வரும். மின்விசிறி ஓய்ந்துவிடும். திரைகள் இருண்டதும் கீழே பஸ்காரர்கள் ஊர்ப்பெயர்களைக் கூவுவது தெளிவாகக் கேட்கும். மற்றவர்கள் தலையில் கை வைப்பார்கள். நான் காலை நீட்டி உட்காருவேன். தட்டும் ஒவ்வொரு வரியையும் அப்போதே இரண்டு இடங்களில் பதிந்துவைத்து, கரண்டு வந்ததும் விட்ட இடத்திலேயே தொடங்கும்படி என் நிரலை எழுதியிருந்தேன். நாளைக்கு ஐந்து தடவை கரண்டு போகும் ஊரில் இருப்பவளுக்குத்தான் இப்படித் தோன்றும். எனக்கு அடக்கம் கொஞ்சம் குறைவு, ஒப்புக்கொள்கிறேன்.

2008-இல் அடித்த நர்கிஸ் புயலுக்கு மறு வருடம் ஓர் அமெரிக்க நிறுவனம் அந்த நிரலைப் பார்த்துவிட்டு என்னை வேலைக்கு அழைத்தது. அசாதாரணத் திறமை உள்ளவர்களுக்கென்றே ஒரு விசா இருக்கிறதாம். அதற்கு, என் வேலையை அறிந்தவர்கள் கடிதம் தர வேண்டும் என்றார் அவர்களுடைய வழக்கறிஞர். எங்கள் மேலாளரிடம் போய்ச் சொன்னேன். ரயில்வே குடும்பத்துத் தமிழ்ப் பெண், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பர்மியர் அக்காவை அழைப்பதுபோல நாங்கள் எல்லோரும் அவரை ‘மமா’ என்போம். ‘சரி’ என்ற ஒரு சொல்லோடு எழுதித் தர ஒப்புக்கொண்டார். என் நிரலைப் பயன்படுத்தும் வாடிக்கையாளர்களிடமும் கேட்டு வாங்கிக் கொடுத்தார்.

ஆறு கடிதங்கள் சேர்ந்தன. ஆறிலும் ஒரே பாட்டு. நேரத்துக்கு வருவார், பெரியவர்களுக்கு மரியாதை கொடுப்பார், கோபப்படவே மாட்டார். இதில் கடைசியது முழுப் பொய். எங்கள் ஊரில் இதற்குமேல் புகழ்ச்சி கிடையாது. ஒருவரைத் தூக்கிச் சொன்னால் பக்கத்தில் இருப்பவர் சிறுத்துப்போவாரே என்று கூசுவார்கள். அந்தக் கூச்சத்தைப் பர்மியர் ‘ஆனாடே’ என்பார்கள். தலைமுறைகளாக அங்கேயே இருந்த தமிழர்களான எங்களுக்கும் அது ஊறிப்போயிருந்தது. வழக்கறிஞரோ, “நீங்கள் நல்ல பெண் என்று புரிகிறது. என்ன செய்தீர்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. இதை அனுப்பினால் விசா கிடைக்காது” என்று எழுதிவிட்டார். மூன்று வாரம் அவகாசம் இருந்தது.

நானே பெரிய பெரிய வார்த்தைகளாகப் போட்டு ஒரு கடிதம் தயாரித்து மமாவின் மேசையில் வைத்தேன். படித்துவிட்டுத் திருப்பித் தள்ளினார்.

“ஈடு இணையில்லாதவளாம்! இந்த ஊர்ல யாரு இப்படிப் பேசுறா? இதுல கையெழுத்துப் போட எனக்கு வெக்கமா இருக்கு. கிளம்பு, போவோம்.”

க்யிம்யிண்டைங் படகுத்துறைக்கு என்னை அழைத்துப்போனார். அங்கே சரக்குப் பட்டியல் எழுதும் பாய், எனக்காக முதலில் கடிதம் கொடுத்தவர்களில் ஒருவர். மமா என்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. “பாய், முன்னால இருந்த ப்ரோக்ராம்ல என்ன கஷ்டம்?” என்று மட்டும் கேட்டார்.

“அத ஏன் கேக்குறீங்க! கரண்டு போனா எழுதுன பட்டியல் பாதி காணாமப் போயிரும். ஒரு நாள் படகுல ஏத்துன மூட்டை அத்தனையும் எறக்கி மறுபடி எண்ணுனோம். இந்தப் பொண்ணு செஞ்சது வந்தப்புறம், கரண்டு போனா நான் பாட்டுக்கு வெத்தலை வாங்கப் போயிருவேன்.”

புகழச் சொன்னால் வாயைத் திறக்காத மனுஷன், பட்ட பாட்டைக் கேட்டதும் ஒரு மணி நேரம் பேசினார். மமா வரி விடாமல் எழுதி, படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினார். தாமுவே பகுதியில் இருந்த மருந்துக்கடையிலும் அதே கேள்விதான். இரண்டு வாரத்தில் ஐந்து கடிதங்கள் புதிதாகக் கிடைத்தன. பாக்கி இருந்தது மமாவின் கடிதம்.

அவர் தமிழும் பர்மியமும் கலந்து சொல்லச் சொல்ல, நான் ஆங்கிலத்தில் தட்டினேன். ‘இவர் போய்விட்டால் படகுத்துறை வேலையை எடுத்து நடத்த என்னிடம் ஆள் இல்லை. இவருக்குத் துணையாக இரண்டு வருடமாக ஆள் தேடுகிறேன், இவரைப் போல் ஒருவரும் கிடைக்கவில்லை.’ என் விரல்கள் நின்றுவிட்டன. அலுவலகம் பாதி அந்த வேலையை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவர் ஆள் தேடியதும் எனக்கு அதுவரை தெரியாது.

“அப்ப ஆபீஸ், மமா?”

“அது என் பாடு. உள்ளதத்தான சொல்றேன்? தட்டு.”

விசா கிடைத்தது. கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தக் கடிதங்களில் பொய் ஒன்றும் இல்லை. இங்கே அமெரிக்காவுக்கு வந்து ஆறு மாதம் கழித்து ஒருநாள் மமாவுக்குப் போன் செய்தேன். படகுத்துறை வேலை கைவிட்டுப் போகவில்லையாம். என் இடத்தில் இரண்டு பர்மியப் பிள்ளைகளை வைத்திருக்கிறாராம்.

“கெட்டிக்காரப் புள்ளைங்கதான். ஆனா ரெண்டு பேரையும் சேத்தாலும் உன்னில பாதி வராதுடி.”

பத்து வருடம் அவரிடம் வேலை பார்த்தேன். என்னிடமே நேராக என்னைப் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை. போனைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தேன். அந்தப் பிள்ளைகள் காதில் விழுமே என்று நான் கூசுவதாக நினைத்தாரோ என்னவோ, மமா அவசரமாகச் சொன்னார்:

“பயப்படாத, பக்கத்துலதான் உக்காந்திருக்காங்க. ரெண்டுக்கும் தமிழ் புரியாது.”