மஞ்சள் தடவிய பதில் அட்டை

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பாதிப் பேரையாவது அவர் வழிமறித்துக் கேட்டிருப்பார்: "டிகிரி முடிச்சியே, வேலையா, படிப்பா?" மழுப்பியவர்களை அவர் சுலபத்தில் விட்டதில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். அந்தக் கேள்வி எங்கள் வீட்டுக்குள் எப்படி நுழைந்தது என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். அதில் தங்கையான என் தப்பும் இருக்கிறது. அக்கா கடைசிவரை என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, நானே ஒப்புக்கொள்கிறேன்.

அக்கா பிறந்தது வடக்குப்பட்டில், நெல் பயிரிடும் குடும்பத்தில், மூத்த பெண்ணாக. விடிந்ததும் பஸ்ஸுக்கு ஓடி, செங்கல்பட்டுக்குப் போய் பி.எஸ்ஸி. வேதியியல் படித்து 1991-இல் தேறினார். எங்கள் தெருவின் முதல் பட்டதாரி! அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை, கவலையும் தாங்கவில்லை. "ஆவணிக்குள்ள ஒரு வேலை வரட்டும். இல்லன்னா மாமா வூட்டுக்கு சரின்னு சொல்லிடுவேன்" என்று கெடு வைத்தார். மாமா மகன் நல்லவர்தான். அவரும் இதைப் படிப்பார், கோபித்துக்கொள்ள மாட்டார். ஆனால் அக்காவுக்குப் பிடித்தது லேப் வாசனைதான்.

ஆடியில் ஒரு மத்தியானம் தபால்காரர் பழுப்பு உறை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். அக்கா டைப் கிளாஸுக்கு ஸ்ரீபெரும்புதூர் போயிருந்தார். உறைக்குள் ஓர் அட்டை. வட்ட முத்திரை, அக்காவின் பெயர், பெயருக்குப் பின்னால் பட்டம், மற்றதெல்லாம் ஆங்கிலம். பத்தாவது படித்துக்கொண்டிருந்த என்னிடம் அப்பா நீட்டினார்.

"படிம்மா, இன்னா போட்டுக்கீது?"

முதல் வரியில் வேலை என்று இருந்தது. குதித்துவிட்டேன். "அக்காவுக்கு வேலைப்பா!" அடுத்த வரியைப் படிக்க எனக்கு எங்கே பொறுமை?

அப்பா நல்ல காரியத்துக்குச் செய்வதுபோல அட்டையின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, அம்மன் காலடியில் வைத்து எடுத்துவந்தார். அம்மா பொங்கல் வைத்தார். மாமா வீட்டுக்கும் சேதி போய்விட்டது. சாயங்காலம் பஸ்ஸைவிட்டு இறங்கிய அக்காவைத் தெருவே சூழ்ந்துகொண்டது. அட்டையை வாங்கிப் படித்தவர் முகம் மாறிப்போனது.

"அப்பா, இது வேலை ஆர்டர் இல்ல. படிச்சு முடிச்சவங்க இப்ப இன்னா பண்றாங்கன்னு காலேஜ்ல கேக்கறாங்க. வேலை, மேற்படிப்பு, ரெண்டும் இல்ல. மூணு கட்டத்துல எதுன்னு டிக் போட்டு அனுப்பணும்."

"நீ எதுல போடுவ?" என்றார் அப்பா.

அக்கா அட்டையை மறுபடி உறைக்குள் வைத்தார். கூட்டத்தில் யாரோ, "யாரு படிச்சு சொன்னது?" என்றார்கள். "யாரு படிச்சா இன்னா? பொங்கல் ஆறுது, சாப்பிடுங்க" என்றார் அக்கா. நான் அம்மா முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

மறுநாளிலிருந்து ஃபைலும் அட்டையுமாக மறைமலை நகருக்கு நடையாய் நடந்தார். எந்தக் கம்பெனி வாசலிலும் ஒரே பதில்தான்: "வேகன்ஸி இல்லம்மா." ஆவணி பிறந்துவிட்டது. முலாம் பூசும் கம்பெனி ஒன்றின் வாசலில் காவலாளி ஐயா வழக்கம்போலக் கையை ஆட்ட வந்தவர், ஃபைலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த மஞ்சள் மூலையைப் பார்த்தார்.

"பத்திரிகை வெக்க வந்தியாம்மா? யாருக்கு?"

அக்கா ஒரு நொடிதான் யோசித்தார். "லேப் சாருக்கு."

"போ, போ. உள்ள போயி லெஃப்ட்ல."

வேலை கேட்டு வந்தவர்களுக்குத் திறக்காத கேட், கல்யாணத்துக்குத் திறந்துவிட்டது! லேப் அதிகாரியும் அட்டையைப் பார்த்து, "எப்பம்மா கல்யாணம்?" என்றாராம். அக்கா நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். "ஆவணி முடிஞ்சா நெஜமாவே பத்திரிகை அடிச்சிடுவாங்க சார். நான் எதுல டிக் போடறது, நீங்களே சொல்லுங்க." அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்களாம். பிறகு தொட்டியிலிருந்து கொஞ்சம் கரைசலை எடுத்துக் கொடுத்து, அமிலம் எவ்வளவு என்று சொல்லச் சொன்னார். அக்கா மூன்று தடவை செய்து பார்த்து, மூன்றும் ஒத்துவந்த பிறகே வாயைத் திறந்தார்.

"திங்கக்கிழமை ஃபர்ஸ்ட் ஷிஃப்டுக்கு வந்துடு."

அன்று பஸ் நிறுத்தத்திலிருந்து அக்கா ஓடிவந்த ஓட்டம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது! செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, "முதல் கட்டம்ப்பா! முதல் கட்டம்!" என்று கத்திக்கொண்டே வந்தார். தெருவுக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பாவுக்குப் புரிந்தது. அம்மா மறுபடியும் பொங்கல் வைத்தார்.

டிக் போட்டாயிற்றே தவிர, அட்டை போகவில்லை. "மஞ்சளோட அனுப்பினா காலேஜ்லயும் மொய் எழுதிடுவாங்க" என்று அக்கா தள்ளிப்போட்டார். அப்பாவுக்கும் அதைப் பிரிய மனமில்லை.

சில வருடம் கழித்து அக்கா தம் நிஜக் கல்யாணப் பத்திரிகையை முதலில் வைத்தது அந்தக் காவலாளி ஐயாவுக்குத்தான். "இந்த வாட்டி நெஜமா?" என்றாராம் அவர். பிறகு அந்தக் கம்பெனி மூடப்பட்டு, கைக்குழந்தையோடு வீட்டில் இருக்க நேர்ந்தபோதும் அக்கா ஓய்ந்துவிடவில்லை. அக்காவின் கணவர் குழந்தையைப் பார்த்துக்கொள்ள, எம்.எஸ்ஸி. முடித்தார். ஒரகடத்தில் கம்பெனிகள் வரிசையாக வந்தபோது, நம் ஊர்ப் பெண்கள் எத்தனை பேரை அவரே கேட் வரைக்கும் அழைத்துப்போய் விட்டார்! கடைசி நாட்களில் ஊசி போட வந்த பயிற்சி நர்ஸிடமும், "மேல படிக்கிறியா, வேலையா?" என்று கேட்டார். அந்தப் பெண் சொன்ன பதிலில் திருப்தியாகச் சிரித்தார்.

அக்காவைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு ஓடிவந்த தோழிகளுக்கும், தள்ளாத வயதில் கைத்தடியோடு வந்து மாலை போட்ட காவலாளி ஐயாவுக்கும், உற்றார் உறவினர் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அக்காவின் பீரோவில் அந்த அட்டை இருந்தது. முதல் கட்டத்தில் நீல மையில் ஒரு டிக். இரண்டாவதில், எப்போது போட்டாரோ, பச்சை மையில் ஒன்று. மூன்றாவது கட்டம் காலி. போன வாரம் அதை உறையில் வைத்து, தாமதத்துக்கு மன்னிக்கவும் என்று ஒரு வரி எழுதி, கல்லூரிக்கு அனுப்பிவிட்டேன். ஒட்டுவதற்கு முன் ஒரு தடவை படித்தேன். இந்தத் தடவை கடைசி வரி வரைக்கும் படித்தேன், அக்கா.