பருமன் குறையாத உருண்டை

ஹுன்னஸ்கிரிய மலையில் ஒரு காப்பித் தோட்டத்தில் அப்போது நான் கணக்கப்பிள்ளை. பெயர் பதிவது, பழம் அளப்பது, துரையின் மருந்துப் பெட்டிச் சாவியை இடுப்பில் சுமப்பது, எல்லாம் என் தலையில்தான். அண்ணன் அதே தோட்டத்தில் ஸ்டோர் காவல், மதினியோடு கூலிகளின் வரிசை வீடான லயத்தில் குடியிருந்தார். ஊரிலிருந்து கடல் கடந்து மன்னாரில் இறங்கி, காட்டு வழியாக நடந்து வந்தபோது அவருக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. கூட வந்த யாரோ அபின் கொடுத்தார்கள். காய்ச்சல் போய்விட்டது, அபின் போகவில்லை.

எனக்கு முன்கோபம் அதிகம். ஒரு நாள் களத்தில் காயப்போட்ட காப்பி மழையில் நனைய, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து தூங்கி வழிந்ததைப் பார்த்தேன். மடியில் இருந்த அபினைப் பிடுங்கி ஓடையில் எறிந்தேன். மானம் போகிறது என்று நாலு பேர் கேட்கக் கத்தினேன். பெரிய காரியம் செய்துவிட்டதாக அன்று முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

மறுநாளே அவருக்கு வயிறு பிடுங்கியது. அடுத்த நாள் வாந்தியும் பேதியும். லயத்தில் அந்த இரண்டும் சேர்ந்து வந்தால் கொள்ளைநோயைத் தவிர யாரும் வேறெதையும் யோசிப்பதில்லை. கங்காணி அவரைக் கம்பளியோடு தூக்கி ஓடைக்கு அப்பால் தனிக் குடிசையில் போடச் சொன்னார். போன வருடம் அந்தக் குடிசைக்குப் போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை. நான் பதறிப்போய்ப் பெட்டியைத் திறந்து, வாந்திபேதிக்கென்று துரை வைத்திருந்த கறுப்பு மருந்தைக் கொடுத்தேன். ஒரு மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டார். என் கைராசியை லயமே மெச்சியது.

பிறகு அவருக்கு அடிக்கடி பேதி வந்தது. ஒவ்வொரு முறையும் அதே மருந்து, அதே சுகம். குப்பி பாதியான பிறகுதான் எனக்கு உறைத்தது. கண்டிக்குப் போய், அங்கே வைத்தியம் பார்த்த யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அதுவே பெரிய உபகாரம்.

"ஓம், அது கொள்ளைநோய் இல்லை. அபின் நிண்டதாலை வந்தது. நீர் குடுத்த மருந்துக்குள்ளை இருக்கிறதும் அபின்தான்," என்றார். "ஒரேயடியா நிப்பாட்டக் கூடாது. கிழமைக்குக் கிழமை கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கவேணும். ஏசாதையும். ஏசினால் ஒளிச்சுத் தின்னுவார்."

நான் எழுந்தபோது மறுபடி உட்காரச் சொன்னார். "விட்டபிறகுதான் கூடப் பயம். உடம்பு பழக்கத்தை மறந்துபோம். பழைய அளவை ஒருநாள் திண்டாரெண்டால் மூச்சு நிண்டுபோம்."

இந்தக் கடைசி எச்சரிக்கையை நான் மதினியிடம் சொன்னேன். அண்ணனிடம் சொல்லவில்லை.

உருட்டிக் கொடுக்கும் வேலையை மதினி எடுத்துக்கொண்டாள். உருண்டை சிறுத்திருப்பதைக் கண்ணால் பார்த்தாலே அண்ணன் இன்னொன்று கேட்டு அடம்பிடித்தார். அதனால் அபினைக் குறைக்கக் குறைக்கக் கருப்பட்டியைக் கூட்டி, எப்போதும் அதே சுண்டைக்காய்ப் பருமனில் உருட்டினாள். திருட்டுத்தனம் இல்லை, அவரிடம் சொல்லிவிட்டுத்தான். "எவ்வளவு கலந்தேன்னு மட்டும் சொல்லாத," என்பார் அவர். சில காலைகளில் கெஞ்சினார், சில காலைகளில் எங்கள் இருவரையும் வாய்க்கு வந்தபடி திட்டினார். எனக்கு நாக்கு துறுதுறுக்கும். "தம்பி, நீங்க பிரட்டுக்குப் போய்ப் பேர் பதியுங்க," என்று மதினி என்னை விரட்டிவிடுவாள். பழம் பறித்து முடியும் காலத்தில் உருண்டையில் வெறும் கருப்பட்டிதான் இருந்தது.

அந்தச் சமயம் பார்த்து காப்பி மூட்டை வண்டிகளோடு கண்டிக்குப் போக வேண்டிய ஆள் காலை உடைத்துக்கொண்டான். துரை அண்ணனை அனுப்பினார். வேண்டாமென்று எப்படிச் சொல்வது? புறப்படும்போது, "மூட்டை நனையாமப் பாத்துக்கண்ணே," என்று மட்டும் சொன்னேன்.

வண்டிகள் வளைவில் மறைந்த பிறகுதான் அந்தப் பருமன் என் நினைவில் வந்து குத்தியது. கண்டியில் அபின் வாங்கினால் கண் பழகிய அளவில்தான் வாங்குவார். சுண்டைக்காய் அளவு, முழுக்க அபின். அவர் உடம்பு இப்போது அதைத் தாங்காது. பின்னால் ஓடிப்போய்ச் சொல்லலாமா என்று ஓடை வரை போனேன். அபின் என்ற பேச்சை எடுத்தால் அந்த ஆசையே வந்துவிடுமோ என்று திரும்பினேன். மூன்று நாள் சோறு இறங்கவில்லை. பெயர்ப் பதிவில் இருவரை விட்டுவிட்டுக் கங்காணியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். மதினி தண்ணீர் எடுக்கப் போகும் சாக்கில் பத்துத் தடவை பாதையை எட்டிப் பார்த்தாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் வண்டிகள் வந்தன. முதல் வண்டியில் அவர் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. கடைசி வண்டிக்குப் பின்னால் நடந்து வந்தார். நேரே என்னிடம் வந்து, இலையில் பொதிந்த ஒன்றை என் கையில் வைத்தார். பிரித்தேன். அபின், அதே பருமன்.

"வாங்காம வர முடியல," என்றார். "திரும்பி வர்ற வழியில தெல்தெனியக்கிட்ட வண்டிய நிறுத்தி வாய் வரைக்கும் கொண்டு போனேன். ஒன் மதினி மூஞ்சில எப்படி முழிக்கிறதுன்னு மடிச்சு வச்சுட்டேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே, டாக்டர் சொன்னதை அப்போதுதான் அவரிடம் முழுவதும் சொன்னேன். அதைத் தின்றிருந்தால் தெல்தெனியவிலேயே மூச்சு நின்றிருக்கும் என்றேன்.

அவர் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத ஏன் போறதுக்கு முந்திச் சொல்லல?"

"சொன்னா வாங்கத் தோணிருமோன்னு பயந்தேண்ணே."

"வாங்கத்தான செஞ்சேன், தம்பி," என்றார்.