பிறை வந்த புழுக்கள்

“ஏம்மா, புழு என்ன நெல்லா? பார்த்த ஒடனே வயசு சொல்றதுக்கு?”

ஆய்வுக் குழுவுக்கு வந்திருந்த வெளியூர்ப் பேராசிரியர் இப்படிக் கேட்டதும் அறையில் எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் இடம் கொடுத்துவிட்டேன். திரையில் தெரிந்த புழுவைக் காட்டி, “பார்த்தாலே தெரியுது சார், தொண்டைக்கதிர் மாதிரி” என்று சொல்லியிருந்தேன். கதிர் வெளியே வராமல் தோகைக்குள் பொதிந்து நிற்கிற பருவத்துக்கு எங்கள் வீட்டில் அதுதான் பெயர். திருவிடைமருதூர்ப் பக்கம் அடுத்தவர் வயலில் நட்டும் களை பறித்தும் பிழைத்த குடும்பம் எங்களுடையது. அதில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். அந்தச் சொல்லுக்காக நான் தலைகுனியவில்லை. என்னைக் கலக்கியது வேறு.

எனக்குப் பக்கத்தில் அக்கா உட்கார்ந்திருந்தார். கூடப் பிறந்தவர் அல்ல. ஆய்வகத்தில் எனக்கு மூத்தவர், அதிராம்பட்டினத்துக்காரர். கணவர் ஷார்ஜாவில் இருந்தார். ஆய்வேட்டை ஒப்படைத்துவிட்டு அந்த வாரமே அக்கா விமானம் ஏற வேண்டும். ஆய்வேடு முழுவதும் உருளைப்புழுவின் ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ. மரபணுவைப் பற்றியது. அந்தப் புழு ஒரு மில்லிமீட்டர் நீளம்தான். உடம்பு கண்ணாடி மாதிரி. மைக்ரோ ஆர்.என்.ஏ. மிகச் சிறிய துணுக்கு. தானாகப் புரதம் எதையும் கட்டாது. மற்ற மரபணுக்களின் வாயை அடைக்கும். இளமை முடிந்தது என்று புழுவின் உடம்புக்குச் சொல்வது இந்த மரபணுதான். அது எந்த இடத்தில், எப்போது விழிக்கிறது என்று பார்ப்பதற்காக, விழித்த செல் பச்சையாக ஒளிரும்படி அக்கா ஒரு புழு வம்சத்தையே உருவாக்கியிருந்தார். கடைசி இளம்பருவத்தில்தான், விலாவில் வரிசையாக இருக்கும் தோல் செல்களில் ஒளி வருகிறது என்பது அவர் கண்டது. சரிபார்க்க நான் எடுத்த படங்களிலோ, புழு வளர்ச்சி அட்டவணைப்படி ஒரு பருவம் முன்னதாகவே ஒளிர்ந்தது.

“ரெண்டுல ஒண்ணு தப்பு. எதுன்னு தெரியாம கையெழுத்துக் கெடையாது” என்று சொல்லிவிட்டுப் பேராசிரியர் சாப்பிடப் போனார். மாலையில் அவருக்கு ரயில்.

ஆய்வகத்துக்கு வந்ததும் அக்கா கதவைச் சாத்தினார். “நான் பறந்துட்டா எனக்காக இங்க வாயத் தொறக்க யாருடி இருக்கா?”

“என் படம்தான் தப்புன்னு சொல்லிடட்டுமாக்கா?”

“சொன்னீன்னா அறைவேன். படம் என்ன பண்ணும்? புழுவுக்கு வயசு எப்படிப் போட்ட?”

“முட்டை பொரிஞ்சதுலேருந்து மணிக்கணக்கு.”

இருவரும் ஒரே நேரத்தில் இன்குபேட்டரைப் பார்த்தோம். புழுக்களைக் குளிர்ச்சியில் வைத்திருக்கும் பெட்டி அது.

“கரண்டு போனத எழுதி வச்சியா?”

“போகாத நாள எழுதுனாப் போதும்னு நீங்கதானக்கா சிரிச்சீங்க.”

சித்திரை மாதத்துத் தஞ்சாவூரில் கரண்டு போவது யாருக்குச் செய்தி? அந்த வெக்கையில், மெல்ல வளர வேண்டிய புழுக்கள் கடகடவென்று வளர்ந்திருந்தன. கடிகாரம் அவற்றைச் சின்னது என்றது, உடம்பு முதிர்ந்துவிட்டது.

இதை வாயால் சொன்னால் சாக்கு என்பார்கள். காட்ட வேண்டும். கடைசி இளம்பருவத்தில் புழுவின் வயிற்றோரம் வெளிறிய பிறை ஒன்று தெரியும். காலையில் நான் தொண்டைக்கதிர் என்றது அதைத்தான். ஒரே சமயத்தில் பொரிந்தாலும் சில புழுக்கள் பின்தங்கிவிடும். புழு வளர்க்கும் ஒரே தட்டிலிருந்து பிறை வந்ததையும் வராததையும் தனித்தனியாகப் பொறுக்கினேன். அவசரத்தில் இரண்டைக் கொன்றேன்.

சாப்பிட்டுத் திரும்பிய பேராசிரியர் நுண்ணோக்கியில் குனிந்தார். நிமிரவே இல்லை. அக்காவின் உதடுகள் ஓசையில்லாமல் எதையோ ஓதிக்கொண்டிருந்தன. பிறை வந்த புழுக்களின் விலாவில் பச்சைப் புள்ளிகள் வரிசைகட்டி நின்றன. வராதவற்றில் வெறும் இருட்டு. மணிக்கணக்கு இரண்டுக்கும் ஒன்றே.

“மணிக்கணக்க எடுத்துடுங்க. பருவத்தப் போடுங்க” என்றார் பேராசிரியர், பேனாவைத் தேடியபடி. பிறகு என் பக்கம் திரும்பி, “அந்த நெல்லு வார்த்தைய மட்டும் எழுதிடாதம்மா.”

அக்கா என் கையை இறுக்கிய இறுக்கில் வளையல் பதிந்த தடம் மாலைவரை இருந்தது.

அவர் இப்போது ஷார்ஜாவில் பள்ளி ஆசிரியை. அவர் உருவாக்கிய வம்சம் என் பொறுப்பில் இருக்கிறது. புழு நெல் அல்லதான். ஆனாலும் இரண்டும் கடிகாரம் பார்த்து வளர்வதில்லை. அந்த மரபணுவையே எடுத்துவிட்டால், இளமை முடிந்தது என்று புழுவுக்கு யார் சொல்வார்கள்? மரபணு இல்லாத புழுக்களை நேற்றுக் காலை தட்டில் விட்டுவிட்டேன். எப்போது பார்க்க வேண்டும் என்பதற்கு மூடியில் மணி எழுதவில்லை. ‘தொண்டைக்கதிர்’ என்று எழுதியிருக்கிறேன்.